பாட்டை விடுங்கள், நடுவில் பேசுகிறவரைப் பிடியுங்கள்

தூத்துக்குடியில் எங்கள் பெரியப்பா வீட்டில் ஏறக்குறைய முந்நூறு கேசட்டுகள் இருந்தன. இலங்கை வானொலி அந்த ஊரில் உள்ளூர் நிலையம் மாதிரிக் கேட்கும். பெரியப்பா, வானொலியும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்த டூ-இன்-ஒன்னில் ஆண்டுக்கணக்காகப் பதிவு செய்தவர். ரசனையும் பொறுமையும் உள்ள மனிதர். அறிவிப்பாளர் வாயைத் திறந்தாலே அவர் விரல் பதிவை இடைநிறுத்தும் பாஸ் பொத்தானுக்குப் போய்விடும். அடுத்த பாட்டு தொடங்கினால்தான் எடுப்பார். அதனால் அவர் கேசட்டுகள் கேட்க அத்தனை சுத்தமாக இருக்கும்.

அதே வீட்டில் அத்தையின் கேசட்டுகள் பதினொன்று. அத்தைக்கு அந்தப் பொறுமை கிடையாது. வானொலிக்கு முன்னால் ஒரு பழைய டேப் ரெக்கார்டரை வைத்துப் பொத்தானை அழுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். நாடா தீரும் வரை அது பாட்டுக்கு ஓடும். பாட்டு, விளம்பரம், மணி சொல்வது, நேயர்களின் பெயர்ப் பட்டியல், மூச்சு விடாமல் சொற்களை அடுக்கும் அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா, இடையில் குக்கர் விசில்.

பெரியப்பாவின் பாடல்கள் எல்லாம் இன்று கைப்பேசியில் அதைவிடத் தெளிவாகக் கிடைக்கின்றன. அத்தையின் பதினொன்றில் இருப்பது வேறு எங்கும் இல்லை.

பழைய வானொலிப் பதிவுகளைத் தேடிச் சேர்க்க நினைப்பவர்கள் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியது இதுதான். இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட எதுவும் எங்கோ ஓரிடத்தில் பத்திரமாக இருக்கும். காற்றில் ஒரே ஒருமுறை போனது, யாராவது ஒருவர் பொத்தானை அழுத்தியிருந்தால் மட்டும்தான் இருக்கும்.

எதைத் தேடுவது

அமெரிக்காவில் பழைய வானொலி நிகழ்ச்சிகளைச் சேர்ப்பது பெரிய பொழுதுபோக்கு. அங்கே அதற்குத் தோதான ஒரு காரணம் உண்டு. 1930களிலிருந்தே நிகழ்ச்சிகளைப் பதினாறு அங்குலத் தட்டுகளில் பதிவு செய்து வைத்தார்கள். விளம்பரதாரருக்கு ஒரு பிரதி போகும். போர்க்காலத்தில் வெளிநாட்டில் இருந்த படைவீரர்களுக்கென்று இராணுவ வானொலி தனியாகத் தட்டுகள் அடித்து அனுப்பியது. நிலையம் தூக்கிப் போட்டாலும் இன்னொரு தட்டு எங்கோ ஒரு பரணில் கிடந்தது.

நம் பக்கம் அப்படி ஒரு குவியல் வெளியே சிதறவில்லை. நாடா விலை அதிகம் என்பதால் பழைய ஒலிப்பதிவை அழித்து அதன்மேல் புதிதாகப் பதிவு செய்வது உலகெங்கும் வானொலி நிலையங்களில் சகஜமாக இருந்தது. ஆகாசவாணியிடமும் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடமும் சொந்தக் களஞ்சியங்கள் உண்டு. ஆனால் அன்றாட நிகழ்ச்சியின் அன்றாடப் பேச்சுக்கு நாம் நம்பியிருப்பது வீட்டுக் கேசட்டுகளைத்தான்.

அதனால் என் வரிசை இப்படி. முதலில் நேயர் விருப்பமும் பிறந்தநாள் வாழ்த்தும். ஊர் பேரோடு ஆள் பேரை வாசிக்கும் அந்தப் பட்டியல்கள் வேறு எதிலும் பதிவாகவில்லை. அடுத்து வானொலி நாடகம். சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' போன்ற தொடர்களில் ஒரே ஒரு பகுதி கிடைத்தாலும் விடக் கூடாது. பிறகு தேதி சொல்லும் செய்தியறிக்கைகள், பேட்டிகள், விளம்பரங்கள், நிலையம் தொடங்கும்போதும் முடியும்போதும் வரும் இசை. பிபிசி தமிழோசை, வெரித்தாஸ், வத்திக்கான் என்று சிற்றலையில் கேட்டவர்களின் கேசட் கிடைத்தால் அதுவும் இந்த வரிசையிலேயே சேரும்.

திரைப்படத்தின் வசனத்தைச் சுருக்கி வானொலியில் போடும் ஒலிச்சித்திரத்தைக் கடைசியில் வைக்கிறேன். இதற்குச் சிலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். படம் இருக்கிறது, வசனம் இருக்கிறது. தொடக்கத்தில் அறிவிப்பாளர் சொல்லும் முன்னுரை மட்டும்தான் புதிது. தென்கச்சி கோ. சுவாமிநாதனின் 'இன்று ஒரு தகவல்' புத்தகமாகவும் வந்துவிட்டதால் அவசரம் இல்லை. அவர் சிரிக்காமல் சிரிக்க வைக்கும் அந்தக் குரல் கிடைத்தால் யாரும் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை, அது வேறு.

எங்கே கிடைக்கும்

முதலில் சொந்தக்காரர்கள் வீடு. பரண், கட்டிலுக்கு அடியில் இருக்கும் டிரங்குப் பெட்டி, ஓடாத காரின் டேஷ்போர்டு. அதற்குப் பிறகு ஊரில் ரேடியோ செட் போட்டவர்கள், ஒரு காலத்தில் பாட்டுப் பதிந்து கொடுத்த ரெக்கார்டிங் கடைக்காரர்கள், சலூன், டீக்கடை. பழைய பேப்பர் கடையில் சொல்லி வைத்தால் மூட்டையாகவே வரும். அதில் பெரும்பாலும் கடையில் விற்ற படப்பாட்டுக் கேசட்டுகள்தான். பேனாவால் எழுதிய அட்டை உள்ளவற்றை மட்டும் எடுங்கள். கடைக் கேசட்டின் மேல் ஓட்டையைச் செல்லோடேப்பால் மூடியிருந்தால் அதையும் எடுங்கள். அதன்மேல் யாரோ எதையோ பதிவு செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கேட்கும் விதம் முக்கியம். "அண்ணாச்சி, பழைய கேசட் ஏதும் கிடக்கா?" என்றால், "எல்லாம் யூடியூப்ல இருக்கேடே, எதுக்கு?" என்பார். "ரேடியோல பேசுனது ஏதாவது பதிஞ்சு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு உள்ளே போவார்.

இன்னொன்று. வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஆள் போன வீடுகளில் கேசட்டிலேயே கடிதம் பேசி அனுப்பும் வழக்கம் இருந்தது. வானொலி நிகழ்ச்சி முடிந்த இடத்தில் திடீரென்று ஒரு அம்மா மகனிடம் கடன் கணக்குச் சொல்ல ஆரம்பிப்பார். அது உங்களுக்கு உரியதல்ல. அந்தப் பகுதியைத் தனிக் கோப்பாக வெட்டி வீட்டாரிடம் மட்டும் கொடுங்கள். இப்படிச் செய்வீர்கள் என்பதை கேசட்டை வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். திருப்பித் தரும் தேதியையும் சொல்லி, அதற்கு முந்தின நாளே கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்த வீட்டுக் கதவு அப்படித்தான் திறக்கும்.

கருவியில் போடுவதற்கு முன்

கையில் வந்ததும் ஓட்டிப் பார்க்கத் தோன்றும். வேண்டாம். முதலில் மேலே உள்ள இரண்டு சின்னப் பிளாஸ்டிக் காதுகளையும் உடைத்துவிடுங்கள். அவை இருக்கும் வரை, தவறி விரல் பட்டால் நாற்பது வருடக் குரலின்மேல் உங்கள் அறைச் சத்தம் பதிவாகிவிடும்.

அடுத்தது வெளிச்சத்தில் பார்ப்பது. ஜன்னல் வழியாகச் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடியோ திட்டோ தெரிந்தால் பூஞ்சை. கடலோர ஊர்களில் இது இல்லாத வீடு அபூர்வம். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு சில நாள் வைத்து ஈரத்தை வாங்குங்கள். வெயிலில் காயப்போடாதீர்கள். காய்ந்தபின், வீணானாலும் பரவாயில்லை என்று ஒதுக்கிய ஒரு பழைய கருவியில் முன்னும் பின்னுமாக ஒருமுறை ஓட்டிப் பொடியை உதிர்த்து, அந்தக் கருவியைத் துடைத்துவிட்டு, பிறகுதான் நல்ல கருவிக்குக் கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சை அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும்.

நாடாவைத் தொட்டு ஒலியை எடுக்கும் ஹெட் வந்து உட்காரும் இடத்தில், நாடாவுக்குப் பின்னால், சின்னதாக ஒரு பஞ்சுத் திண்டு இருக்கும். பழைய கேசட்டில் அதன் பசை காய்ந்து திண்டு கழன்று விழுந்திருக்கும். அது இல்லாமல் ஓட்டினால் சத்தம் மங்கி மங்கி வரும். ஐந்து திருகாணி போட்ட வேறொரு காலிக் கேசட்டைத் திறந்து, சுருளை அப்படியே அந்தக் கூட்டுக்கு மாற்றிவிடுங்கள். திருகாணி இல்லாமல் ஒட்டிய கூடு என்றால் ஓரத்தில் மெல்லிய கத்தி விட்டு நெம்ப வேண்டும். உங்கள் முதல் முயற்சி இந்த வகையாக இருக்க வேண்டாம், பழைய பக்திப் பாடல் கேசட் ஒன்றில் கையைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

அறுந்த நாடாவைச் செல்லோடேப்பால் ஒட்டாதீர்கள். பசை கசிந்து அடுத்தடுத்த சுற்றுகளில் ஒட்டிக்கொள்ளும். இதற்கென்றே ஸ்ப்ளைசிங் டேப் கிடைக்கிறது. ஹெட்டில் படாத பக்கத்தில், அதாவது சுருளின் உட்பக்கம் பார்க்கும் முகத்தில் ஒட்ட வேண்டும்.

ஆண்டுக்கணக்காக அசையாமல் கிடந்த கேசட்டைப் பென்சில் விட்டுச் சில சுற்றுச் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் கருவியில் போடாதீர்கள், கையாலேயே கடைசி வரை சுற்றித் தளர்த்துங்கள். 120 நிமிடக் கேசட்டுகளிடம் கூடுதல் மரியாதை வேண்டும். 60 நிமிட நாடாவின் பாதித் தடிமன்தான் இருக்கும், இழுபட்டுப் போகும்.

கூடு இல்லாமல் பெரிய சுருளாக வரும் ஸ்பூல் டேப் கிடைத்தால் அது தனி உலகம். முகர்ந்து பாருங்கள். காடி வாசனை அடித்தால் அது அசிடேட் நாடா, சிதையத் தொடங்கிவிட்டது. மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள், யார் என்ன சொன்னாலும் அதைச் சூடுபடுத்தாதீர்கள். ஸ்பூலை முதல் ஆளாக நீங்களே ஓட்ட வேண்டாம். அனுபவம் உள்ளவரிடம் கொண்டுபோங்கள்.

கருவி

கணினியில் நேராகச் செருகும் மலிவான பிளாஸ்டிக் 'கேசட் கன்வெர்ட்டர்' வாங்காதீர்கள். அதன் மோட்டார் ஒரே வேகத்தில் ஓடாது, குரல் தண்ணீருக்குள் இருந்து பேசுவது போல ஆடும். பழைய ஸ்டீரியோ கேசட் டெக் ஒன்றை வாங்கி, பெல்ட்டையும் ரப்பர் ரோலரையும் மாற்றி வைத்துக்கொள்வது நல்லது. வாங்கும்போது கையில் ஒரு கேசட்டோடு போங்கள். பியானோவோ வீணையோ தனியாக நீண்டு ஒலிக்கும் இடத்தைப் போட்டுக் கேளுங்கள். சுரம் ஆடினால் விட்டுவிடுங்கள்.

ஹெட்டைத் துடைக்க ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். மொபைல் சர்வீஸ் கடைகளில் வைத்திருப்பார்கள். பஞ்சுக்குச்சியில் தொட்டு, பழுப்பு நிறம் வருவது நிற்கும் வரை துடையுங்கள். ரப்பர் ரோலருக்கு மட்டும் ஆல்கஹால் வேண்டாம், காலப்போக்கில் ரப்பர் இறுகிவிடும். லேசான சோப்புத் தண்ணீர் போதும். ஒவ்வொரு கேசட்டுக்கும் ஒருமுறை துடைப்பது அதிகம் போலத் தோன்றும். பூஞ்சைக் கேசட் என்றால் அதுவும் போதாது.

அந்தச் சின்னத் திருகாணி

எனக்கு ஆரம்பத்தில் யாரும் சொல்லிக் கொடுக்காத விஷயம் இது. முதல் நாற்பது கேசட்டை நான் இரண்டாம் முறை ஓட்ட வேண்டி வந்தது இதனால்தான்.

ஹெட்டின் ஒரு பக்கம் ஸ்பிரிங் வைத்த சின்னத் திருகாணி ஒன்று இருக்கும். ஹெட்டின் சாய்வை, அதாவது அஸிமுத்தை, அது மாற்றும். அத்தையின் டேப் ரெக்கார்டரில் ஹெட் ஒரு சாய்வில் இருந்திருக்கும், உங்கள் டெக்கில் வேறு சாய்வில் இருக்கும். இரண்டும் பொருந்தாவிட்டால் மேல்சுரங்கள் போய்விடும். 'கேசட் பழசு, அதான் மங்கலா இருக்கு' என்று நாம் நினைத்துக்கொள்வோம். நாடாவில் ஒலி நன்றாகவே இருக்கும், ஹெட் அதைச் சரியாகத் தொடவில்லை, அவ்வளவுதான்.

அறிவிப்பாளர் பேசும் இடத்தைப் போட்டு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, திருகாணியை மிக மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கால் சுற்றுக்குள் திருப்புங்கள். 'ஸ', 'ஷ', 'ச' ஒலிகளை மட்டும் கவனியுங்கள். ஓரிடத்தில் போர்வையை விலக்கியது போலக் குரல் முன்னால் வரும். அங்கே நிறுத்துங்கள். இடம், வலம் இரண்டையும் சேர்த்து மோனோவாகக் கேட்டால் இந்த இடம் இன்னும் துல்லியமாகத் தெரியும். வீட்டுப் பதிவு பெரும்பாலும் மோனோ என்பதால் இரண்டு பக்கமும் ஒன்றுதான். சாய்வு தப்பினால் ஒன்றை ஒன்று அழித்து 'ஸ' மங்கும்.

திருப்புவதற்கு முன் திருகாணியின் தலையில் நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். எங்கே தொடங்கினோம் என்று தெரியாமல் தவிக்க மாட்டீர்கள். இதை ஒவ்வொரு கேசட்டுக்கும், சில சமயம் பக்கத்துக்குப் பக்கமும், புதிதாகச் செய்ய வேண்டும். தானாகப் பக்கம் திருப்பும் டெக்கில் இது படுத்தும், அந்த வகையைத் தவிர்ப்பது நல்லது.

கணினிக்கு

டெக்கின் லைன் அவுட்டிலிருந்து யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், அங்கிருந்து கணினி. மடிக்கணினியின் மைக் ஓட்டையில் செருகாதீர்கள், அது பேச்சுக்காக உள்ளது, ஒலியைச் சிதைக்கும். இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருள் போதும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி ஆகும். நூறு கேசட் ஒரு சாதாரண ஹார்ட் டிஸ்க்கின் மூலையில் அடங்கிவிடும், எனவே எம்பி3யில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் ஒரு காலத்தில் சிடியில் நிறைய அடைக்க வேண்டும் என்று மிகச் சுருக்கிய எம்பி3களாகப் பரிமாறிக்கொண்டார்கள். இன்றும் பல நிகழ்ச்சிகள் தகர டப்பா ஒலியில் சுற்றி வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

உச்ச அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். விளம்பரங்கள் திடீரென்று கத்தும். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பதிவு செய்தால் பாதி நேரம் இரைச்சல் தானாகக் குறையும். டெக்கில் நாடா இரைச்சலைக் குறைக்கும் டால்பி பொத்தான் இருந்தால் அணைத்து வையுங்கள். வீட்டு டூ-இன்-ஒன்னில் பெரும்பாலும் அது கிடையாது, போட்டால் 'ஸ' மறுபடி போய்விடும்.

பொத்தானை அழுத்தியபின் அத்தை மாதிரி நடந்துகொள்ளுங்கள். இடையில் நிறுத்தாதீர்கள். வெற்று நாடா வந்தாலும் ஓடட்டும், பத்து நிமிட அமைதிக்குப் பிறகு வேறொரு நாளின் நிகழ்ச்சி தொடங்கும். இரண்டு பக்கமும் முழுதாக. ஒரு மணி நேரக் கேசட்டுக்குக் குறிப்பெழுதுவதையும் சேர்த்து எனக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது.

அப்புறம், சுத்தம் செய்யும் ஆசை. இரைச்சலை நீக்கும் கருவிகள் குரலின் ஓரத்தையும் சேர்த்துச் சுரண்டும். எங்கள் ஊரில் ஒரு கடையில் நான் முதலில் கொடுத்த நான்கு கேசட்டுகள் அப்படித்தான் ஆயின. 'தேவையில்லாத பேச்சையெல்லாம் கட் பண்ணி, பாட்டை மட்டும் சுத்தமாத் தந்திருக்கேன் சார்' என்று சிடியை நீட்டினார். நல்லவேளை, கேசட்டைத் திருப்பிக் கொடுத்தார். முதல் கோப்பை அப்படியே தொடாமல் வையுங்கள். அழகு பார்ப்பதெல்லாம் பிரதியில்.

வேகம்

நாற்பது வருடத்துக்கு முந்தைய டூ-இன்-ஒன் சரியான வேகத்தில் ஓடியிருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பாட்டரி தீர்ந்துகொண்டிருக்கும்போது பதிவு செய்திருந்தால் மோட்டார் மெதுவாகிக்கொண்டே போயிருக்கும். இன்று ஓட்டும்போது அது தலைகீழாகும். போகப் போகக் குரல் கீச்சிட்டுக் கிளிப்பேச்சாகும்.

புகழ்பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. 1937 மே 6 அன்று ஹிண்டன்பர்க் வான்கப்பல் தீப்பிடித்தபோது ஹெர்பர்ட் மாரிசன் தட்டில் பதிவு செய்த வர்ணனை. நாம் வழக்கமாகக் கேட்கும் பதிவு வேகம் கூடியது. அந்தப் பதறிய மெல்லிய குரல் அவருடைய இயல்பான குரல் இல்லை, அவர் குரல் அதைவிடக் கனமானது. பல பத்தாண்டுகள் உலகம் அவரைத் தவறான குரலில் கேட்டுக்கொண்டிருந்தது.

நம் கேசட்டுகளில் வேகத்தை அளக்க ஒரு அளவுகோல் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. பாட்டுக்கு உண்மையில் பயன் இருப்பது இந்த இடத்தில்தான். அதே பாட்டின் நல்ல பிரதி ஒன்றை எடுங்கள். பல்லவி தொடங்கும் இடத்திலிருந்து கடைசிச் சரணம் தொடங்கும் இடம் வரை இரண்டிலும் அளந்து பாருங்கள். முழு நீளத்தை ஒப்பிடாதீர்கள், வானொலியில் தொடக்கத்தையோ முடிவையோ வெட்டியிருப்பார்கள். நல்ல பிரதியில் 240 விநாடி, கேசட்டில் 226 விநாடி என்றால் சுமார் 6 சதவீதம் வேகமாக ஓடுகிறது, அரைச் சுரம் ஏறியிருக்கிறது. ஆடாசிட்டியில் வேகத்தை மாற்றும் வசதியில் திருத்துங்கள். சுருதியை மட்டும் அல்லது காலத்தை மட்டும் மாற்றும் வசதிகளைத் தொடாதீர்கள், இரண்டும் சேர்ந்தே மாற வேண்டும். ஒரு பாட்டை நம்பாமல் நான்கைந்தை அளந்து பாருங்கள். நிலையத்தின் தட்டுச் சுழற்றியும் கொஞ்சம் முன்பின்னாக ஓடியிருக்கலாம்.

பாட்டே இல்லாத நாடகமோ பேட்டியோ என்றால் மின்சார இரைச்சலைப் பாருங்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கோப்பின் அதிர்வெண் படத்தில் அந்த அளவின் பக்கத்தில் சில சமயம் இரண்டு முகடுகள் தெரியும். சரியாக 50இல் நிற்பது உங்கள் வீட்டு மின்சாரம். 6 சதவீதம் வேகமாக ஓடும் கேசட் என்றால், 53இல் தள்ளி நிற்பது அந்தக் காலத்து மின்சாரம். முதல்முறை இதைத் திரையில் பார்த்தபோது எழுந்து போய் ஒரு காபி போட்டுக் குடித்தேன். ஆனால் அந்த நாட்களில் மின்சாரம் 50க்குக் கீழே இறங்குவது வழக்கம் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். செய்திக்கு முன் விநாடிக்கு ஒன்றாக ஒலிக்கும் நேரக் குறியொலி இருந்தால் அதையும் அளந்து பாருங்கள்.

எப்போது, எந்த நிலையம்

கேசட் அட்டையில் ஒரு தேதி இருந்தால் கும்பிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள். இல்லாதபோது உள்ளே தேட வேண்டும். புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை, பாட்டு வெளியான ஆண்டையே நிகழ்ச்சியின் ஆண்டாக எழுதிவிடுவது. 1965ஆம் வருடப் பாட்டை 1983இல் போட்டிருப்பார்கள். பாட்டு 'இதற்கு முன் இல்லை' என்று மட்டும்தான் சொல்லும். மற்றதை அறிவிப்பாளரிடம் கேட்க வேண்டும்.

இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950இல் தொடங்கியது. நிலையம் கூட்டுத்தாபனம் ஆனது 1967இல். அந்தச் சொல் காதில் விழுந்தால் அதற்குப் பிந்தையது. விவித் பாரதி 1957இல் தொடங்கினாலும் அதில் விளம்பரம் வந்தது 1967இலிருந்துதான், அதுவும் முதலில் பம்பாய்ப் பக்கம். இலங்கை 1996இல் கடிகாரத்தை முன்னால் தள்ளியது, 2006இல்தான் பழையபடி இந்திய நேரத்துக்குத் திரும்பியது. இரண்டு நாட்டு நேரத்தையும் வேறு வேறாகச் சொன்னால் இந்தப் பத்து வருடத்துக்குள். 'இன்று முதல்' என்று வரும் பட விளம்பரம் வாரக் கணக்கில் கிட்டே கொண்டுவந்துவிடும். ஓரத்தில் ஒரு செய்தியறிக்கையின் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தால் பழைய செய்தித்தாளைப் புரட்டி நாளையே பிடித்துவிடலாம்.

ஊகத்தை ஊகம் என்றே எழுதுங்கள். '1981க்குப் பின், 1984க்கு முன், விளம்பரத்தை வைத்து' என்று காரணத்தோடு எழுதினால் நாளைக்கு வேறொருவர் திருத்த முடியும். அறிவிப்பாளரின் பெயரை அவரே சொன்னால் மட்டும் உறுதியாக எழுதுங்கள். ராஜேஸ்வரி சண்முகம் என்று நான் சத்தியம் செய்த ஒரு குரல் வேறொருவருடையது என்று கேசட்டின் இரண்டாம் பக்கம் காட்டிக்கொடுத்தது.

கேசட்டுக்கு ஓர் எண், பக்கத்துக்கு ஓர் எண். கோப்பின் பெயர் '012-1' என்று இருந்தால் போதும். விவரமெல்லாம் ஒரு அட்டவணையில் இருக்கட்டும்: யாருடைய கேசட், எங்கே பதிவு செய்தது, எந்தக் கருவி, எந்த நிமிடத்தில் என்ன. அட்டையையும் கேசட்டின் இரண்டு முகங்களையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்தும் ஒரு தகவல்தான்.

வைப்பது

மூன்று பிரதி. ஒன்று உங்கள் கணினியில், ஒன்று தனி ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று வேறு ஊரில். மூன்றாவதுதான் முக்கியம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தளத்து வீடுகளில் கணினியும் டிஸ்க்கும் கேசட்டும் ஒரே தண்ணீரில் மிதந்தன. சிடியில் எழுதி வைத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பிரதியையும் திறந்து நாலு கோப்பை ஓட்டிப் பாருங்கள்.

மூலக் கேசட்டைத் தூக்கிப் போடக் கூடாது. நாளைக்கு இன்னும் நல்ல கருவி வரும், நீங்கள் தவறவிட்டதை அது எடுக்கும். ஒரு முனை வரை முழுதாகச் சுற்றி, உறையில் போட்டு, புத்தகம் போல நிறுத்தி, உள்ளறை பீரோவில். பரண் வேண்டாம், ஓட்டுக்கும் தளத்துக்கும் அடியில் வெயில் இறங்கும். ஸ்பீக்கர் மேல் அடுக்க வேண்டாம், காந்தம்.

பகிர்வது

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒலிபரப்பு நிறுவனத்துக்குத் தன் ஒலிபரப்பின் மேல் உள்ள உரிமை 25 ஆண்டுகள். ஆனால் அந்த ஒலிபரப்புக்குள் இருக்கும் பாட்டுக்கும் நாடகத்துக்கும் தனித்தனி உரிமை உண்டு. ஒலிப்பதிவுக்கு அது வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள், நாடகம் எழுதியவர் இறந்தபின் 60 ஆண்டுகள். சொந்த உபயோகத்துக்கும் ஆய்வுக்கும் பதிவு செய்து வைத்துக்கொள்வதைச் சட்டம் தடுக்கவில்லை. எல்லோருக்குமாக இணையத்தில் ஏற்றுவது வேறு. நான் செய்வது, முழுக் கேசட்டையும் எனக்குள் வைத்துக்கொண்டு, அறிவிப்புகளின் சிறு துண்டுகளை மட்டும் பகிர்வது. அறிவிப்பாளர் இருந்தால் அவரிடமோ, இல்லையென்றால் அவர் குடும்பத்திடமோ ஒரு பிரதி போய்ச் சேரப் பார்ப்பேன்.

இலங்கை சார்ந்த பதிவு என்றால் நூலக நிறுவனத்தின் 'ஆவணகம்' பல்லூடகத் தொகுப்பைக் கேட்டுப் பாருங்கள். 2005இலிருந்து ஈழத்து எழுத்துகளைச் சேர்த்து வருகிறவர்கள். கொடுக்கும்போது வேவ் கோப்பும் அட்டவணையும் சேர்ந்தே போகட்டும். குறிப்பில்லாத ஒலிக்கோப்பை வாங்கி வைத்துக்கொள்ள யாருக்கும் ஆசை இருக்காது.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஆடியோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். கேசட் கொடுத்தவருக்குப் பென்டிரைவில் கொடுப்பதாக இருந்தால் மட்டும் எம்பி3 சேர்த்துக் கொடுங்கள், அவர்கள் வீட்டு டிவியில் வேவ் கோப்பு ஓடாமல் போகலாம். அத்தைக்கு அப்படித்தான் கொடுத்தேன். ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு, "இந்தக் குக்கரை எடுத்துட முடியாதா?" என்று கேட்டார்.